மலை இறக்கிய சுருதி

ஏற்காட்டில், ஈரம் காயாத கார் ஷெட்டில்
கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டு
லாசரஸ் சார் ஒளிக்காமல் சொன்னார்:
"கழுத்து வளைஞ்சிருக்கு.
பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் செத்துப்போச்சு.
அஞ்சாவது ஃப்ரெட்டைத் தாண்டினா கம்பி உளறும்.
சொல்லிட்டுத்தான் விக்கிறேன்."
பன்னிரண்டாயிரம் கேட்டார். எட்டில் நின்றேன்.
எட்டரையில் முடிந்தது.
கூடவே அரைக் கிலோ மிளகும் கொடுத்தார்.
ஏன் மிளகு என்று இன்றுவரை தெரியாது.

கடைசி பஸ்.
"வீணையா?" என்றார் கண்டக்டர்.
"இல்லைங்க."
"வீணைன்னா விட்டிருப்பேன். லக்கேஜ் போடணும்."

இருபதாவது கொண்டை ஊசி வளைவில் தொடங்கி
பலகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர
உறைக்குள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு முனகல்.
அடிவாரத்தில் ஜன்னல் வழியே
இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி சேலம் முகத்தில் அடித்தது.

சூரமங்கலத்து அறையில் டியூனரைச் செருகிப் பார்த்தால்
ஐந்து கம்பிகள் அரைப்படி இறங்கியிருந்தன.
ஆறாவது, தடியன், ஒரு முழுப்படி.
நானும் முகிலரசும் கேட்கிற பாட்டெல்லாம்
அங்கேதான் இருக்கின்றன, கீழே,
வயிற்றில் அதிர்கிற இடத்தில்.
ஏற்றவில்லை. அப்படியே விட்டேன்.

ஆலன் கீயைக் கால் சுற்று திருப்பி
ஒரு ராத்திரி காத்திரு, மறுபடி கால் சுற்று.
கழுத்து நிமிர நான்கு நாள் ஆனது.
அவசரப்பட்டால் முறியும் என்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
மரம்தான் லேசாக ஒருமுறை நெறித்துக் காட்டியது.

பிக்கப்பை வெளியே வாங்கினால் கிட்டார் விலை.
நான் வேலை பார்ப்பதோ மோட்டார் காயில் கட்டும் கடையில்.
செவ்வாய்ப்பேட்டையில் கிராம் கணக்கில் கம்பி வாங்கினேன்,
தலைமுடி அதன் பக்கத்தில் கயிறு.
மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றினேன்.
மூவாயிரத்து நானூறில் அறுந்தது.
ஒரு கெட்ட வார்த்தை. மறுபடி பூஜ்யம்.
கலீமுல்லா பாய் எட்டிப் பார்த்தார்:
"சித்தேஸ்வரி, இது எத்தனை அடி ஆழத்துக்குத் தண்ணி இழுக்கும்?"
எட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன்.
காரணம் எதுவும் இல்லை, கை வலித்தது.
டீ பாத்திரத்தில் மெழுகுவர்த்தி உருக்கி முக்கி எடுத்தேன்.
அந்தப் பாத்திரத்தில் இப்போது
யாரும் டீ குடிப்பதில்லை.

ஸ்டீல் பிளான்ட் ஊர்,
கஞ்சமலை முழுக்க இரும்பு,
இந்த ஊர்ப் பெண்ணுக்கு மெட்டல் பிடிக்காமல் என்ன செய்யும் என்பான் முகிலரசு.
அழகாகத்தான் இருக்கிறது கேட்க.
என் கம்பிகள் கப்பலில் வந்த நிக்கல்.
எனக்கு இது பிடித்தது
கோபத்தை இவ்வளவு துல்லியமாக
எண்ணி எண்ணி அடிக்க முடியும் என்பதால்.

ஞாயிறு. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.
ஆம்ப்பைப் போட்டதும் ஓர் இரைச்சல்,
ஈக்கூட்டம் மாதிரி.
எர்த்தைப் பார்த்தேன், சால்டரைப் பார்த்தேன்,
கடைசியில் சும்மா கம்பிமேல் கை வைத்தேன். அடங்கியது.
எடுத்தேன், இரைந்தது. வைத்தேன், அடங்கியது.
இந்த ஊரில் நான் தொட்டு அமைதியாகிற பொருள்
இது ஒன்றுதான். பழுதை அப்படியே விட்டுவைத்தேன்.

பிறகு பெடலை மிதித்து
ஆறாம் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி
முதல் அடி.
அலமாரியில் ஸ்பேனர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டன.
இரண்டாவது. மூன்றாவது.

ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன.
காரிப்பட்டிக்காரர். மூன்று ஹெச்.பி. மோட்டார், புதன்கிழமை கொடுத்தது.
குனிந்து, தலையைச் சாய்த்து
ஒரு வரி முழுக்கக் கேட்டார்,
தோட்டத்தில் கிணற்றோரம் நின்று கேட்கிற அதே கவனத்தோடு.
"பேரிங் போயிருக்கும்மா," என்றார்.
"ஓட விடாத, எரிஞ்சிரும்."

"சாயங்காலம் வாங்கண்ணா," என்றேன்.
கம்பி கொஞ்சம் ஏறியிருந்தது.
ஆணியைத் திருப்பி இறக்கினேன்.